ரியூசனுக்குப் போன தம்பிக்கு

என் செல்லத் தம்பி கண்ணா,

நீ மாமாவான கதை உனக்குத் தெரியாது. மகள் நிலாவுக்கு ஒன்பது வயது. என் மூக்கு, உன் வாய். சிட்னியில் இருக்கிறோம். அம்மாவும் அப்பாவும் காலமான பிறகு, உன்னைக் கண்ணால் கண்டவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். உன்னைப் பற்றி யாரோடு கதைப்பது?

போன கிழமை நிலாவின் வகுப்பை லிட்கம் பக்கம் உள்ள போர்வீரர் மயானத்துக்குக் கூட்டிப்போனார்கள். துணைக்கு நானும் போனேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கல்லறையில், கைப்பட எழுதிய அட்டையொன்றை வைக்க வேண்டும். நிலாவுக்குக் கிடைத்தது பெயர் தெரியாத ஒரு வீரனின் கல். அவள் ‘டியர் மாமா’ என்று தொடங்கியிருந்தாள். போரில் செத்தவர் என்று அவளுக்குத் தெரிந்தது உன்னை மட்டும்தானே.

ஆங்கிலத்தில் நாலு வரி. கடைசி வரி மட்டும் தமிழில்: ‘போட்டு வாங்கோ.’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போறது நாங்களடி. போட்டு வாறம் எண்டு எழுது” என்று பென்சிலை வாங்கினேன்.

“நோ அம்மா, இட்ஸ் ரைட். அப்பா வேலைக்குப் போகேக்க நீங்கள் இப்பிடித்தானே சொல்லுறனீங்கள்? அவர் திரும்பி வாறவர்தானே.”

ஓம், யார் வெளியே போனாலும் ‘போட்டு வாங்கோ’, போய்த் திரும்பி வாங்கோ என்று சொல்லுவேன். தெருவில் குப்பைவாளி வைக்கப் போகிறவரையும் சொல்லாமல் விடமாட்டேன் என்று அவருக்குக் கேலி. காரணத்தை நான் சொன்னதில்லை.

நீ கடைசியாகப் போன அன்று, “அக்கா, ரியூசன் வகுப்புக்குப் போட்டு வாறன்” என்றாய். கேட்காமல் என் சைக்கிளை எடுத்துச் செயினை அறுத்துவிட்டாய் என்ற கோபத்தில் நான் திரும்பியும் பார்க்கவில்லை. நீ போனது இயக்கத்தில் சேர்ந்து போராட என்று பின்னேரம்தான் தெரிந்தது. பிறகு செய்தி மட்டும் வந்தது. உடல் வரவில்லை. உன் செருப்புச் சத்தம் உடனே போகவில்லை, வாசலில் கொஞ்ச நேரம் நின்றாயே கண்ணா, நான் ஏதும் சொல்லுவேன் என்றா நின்றாய்?

நிலாவின் அட்டையை நான் திருத்தவில்லை.

இனி ஒவ்வொரு வருடமும் அந்தக் கல்லுக்குப் போவேன், என் கையால் எழுதிய அட்டையோடு. அதற்கு உரியவர் கோபிப்பாரோ தெரியாது. உனக்கென்று எனக்கு வேறு கல் இல்லை.

சைக்கிளை நீயே வைத்துக்கொள். போட்டு வா, தம்பி.

அன்று திரும்பிப் பார்க்காத
உன் அக்கா