முப்பத்தாறு அங்குலம்

மார்ச் 4
வீடு கட்டும் வேலையை யாரிடம் கொடுப்பது என்று இன்றும் முடிவாகவில்லை. கம்பெனிக்காரர்கள் பொருள், ஆள், வரைபடம் எல்லாம் தங்கள் பொறுப்பு என்கிறார்கள். நாம் சாவி வாங்கிக்கொண்டால் போதுமாம். மேஸ்திரி கூலிக்கு மட்டும் கட்டுவார். சிமென்ட், கம்பி நாம் வாங்கித் தரவேண்டும், தினமும் நின்று பார்க்கவேண்டும். நிற்கிறேன், எனக்கென்ன.

நான் கேட்பது ஒன்றுதான். கீழே அம்மாவுக்கு ஓர் அறை, குளியலறையோடு. படி கூடாது. கதவுகள் முப்பத்தாறு அங்குலம். மேஸ்திரி மட்டும்தான், "அம்மாவோட சக்கர நாற்காலி எவ்வளவு அகலம்?" என்று திருப்பிக் கேட்டார்.

மார்ச் 9
மேஸ்திரிதான். என் வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார்.

மார்ச் 11
கொழுந்தன் வந்தான். "வீட்டுலயே ஒரு கான்ட்ராக்டர் இருக்கும்போது வெளியாளுக்குக் குடுத்தா, நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது அண்ணி?"

இதுவரை அவன் கட்டியது இரண்டு கடை, ஒரு சுற்றுச்சுவர். இவர் என் பக்கமே திரும்பவில்லை. "என் தம்பி. பார்த்துப்பான்."

சரி, அளவையெல்லாம் எழுதியாவது கையெழுத்து வாங்கலாம் என்றேன். அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள்.

மார்ச் 12
மேஸ்திரியிடம் நானே ஃபோனில் சொன்னேன். இவருக்கு வாய் வரவில்லை. "பரவால்லம்மா. கதவு அளவை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். வைத்த பிறகு அழுதேன்.

ஜூன் 20
கட்டடத்துக்குப் போனால் "வெயில்ல ஏன் அண்ணி வர்றீங்க" என்று விரட்டாத குறை. கதவளவை மூன்றாவது முறையாகச் சொன்னேன். "எல்லாம் மண்டையில இருக்கு அண்ணி."

ஆகஸ்ட் 2
குளியலறைக்குக் கதவுச் சட்டம் வைத்துவிட்டான். டேப் பிடித்தேன். இருபத்தாறு. இன்னொரு முறை பிடித்தேன். இருபத்தாறுதான். வீட்டு வாசலில் இரண்டு படி வேறு.

"பாத்ரூமுக்கு எல்லாரும் இந்த சைஸ்தான் வெக்கறாங்க" என்றான். இடி என்றேன். அந்தச் சுவருக்குள் குழாய் போகிறதாம், டைல் ஒட்டியாகிவிட்டதாம். இவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு கதவுக்காக அண்ணன் தம்பியப் பிரிச்சுடாத" என்றார்.

ஒரு கதவா? அப்ப எதுக்கு இந்த வீட்டையே கட்டினோம்? யாருக்காகக் கட்டினோம்?

அக்டோபர் 15
குடிவந்தோம். அம்மாவை அக்கா வீட்டிலிருந்து அழைத்துவந்தேன். படியில் நாற்காலியோடு தூக்கினோம்.

அக்டோபர் 23
அம்மா எட்டு நாள் இருந்தாள். குளியலறை வாசலில் நாற்காலியை நிறுத்தி, அங்கிருந்து நான் தூக்கிப் போவேன். என் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நேற்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள்.

"தாகமே இல்லடி."

இன்று காலை, "அக்கா வீட்டுலயே விட்டுடு. அங்க பழகிடுச்சு" என்றாள். கொண்டுபோய் விட்டேன்.

ஜனவரி 7
அம்மா அறையில் கொழுந்தன் மேசை போட்டிருக்கிறான். ஆபீசாம். கொஞ்ச நாளைக்குத்தானாம்.

பிப்ரவரி 18
புதிதாக வீடு கட்டப்போகும் ஒரு ஜோடியைக் கூட்டிவந்து எங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டினான். அந்தப் பெண் சமையலறைக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்: "இவர்கிட்ட நம்பிக் குடுக்கலாமாக்கா?"

கூடத்திலிருந்து இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா செய்வாரு" என்றேன்.

அவள் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனாள். அப்போதிலிருந்து இவர் என்னிடம் ரொம்பப் பிரியமாகப் பேசுகிறார்.