நாலு மணிக்கு வரும் மஞ்சள் முக்கோணம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ என் தலையில் கட்டிவிட்டுப் போன கம்ப்யூட்டர் சுகமாக இல்லை. போனில் சொன்னால், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருக்கா" என்று கைகழுவி விடுகிறாய். அதற்கு மேல் பேசப் போனால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது.

முதலில் தேதி வியாதி. காலையில் சுவிட்சைப் போட்டால் 2009 ஜனவரி ஒன்று என்று சாதிக்கும். உனக்கு மீசை முளைக்காத காலத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். தேதி தப்பாக இருந்தால் மெயில் பக்கம் ‘பாதுகாப்பு இல்லை’ என்று கதவைச் சாத்திவிடுகிறது. இது புரியவே எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. ரிப்பேர்காரர் வந்து, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரியை மாற்றினார். அது சரியாகிவிட்டது.

இரண்டாவதுதான் என் உயிரை எடுத்தது. சாயங்காலம் நாலு மணி வாக்கில் திரையின் மூலையில் மஞ்சள் முக்கோணம் வரும். நெட் போய்விடும். இதே நெட் எண்ணில் இன்னொரு கம்ப்யூட்டரும் இருக்கிறது என்று ஒரு பெட்டி எழும்பும். முக்கால் மணி நேரம் கழித்துத் தானாகவே சரியாகிவிடும். வீட்டில் ஓடுவது ஒரே கம்ப்யூட்டர். இன்னொன்று எங்கிருந்து வந்தது என்று சுவரைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன்.

ரிப்பேர்காரர் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் காலையில். வைத்தியர் வாசலை மிதித்ததும் பல்வலி நிற்குமே, அந்த மாதிரி அவர் வந்தால் பெட்டி சமர்த்தாக ஓடும். கேபிளை மாற்றினார், தூசி தட்டினார். கடைசியில், "விண்டோஸை அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம்மா" என்றார். எம்பிராய்டரி மெஷின் இந்தப் பழைய விண்டோஸோடு மட்டும்தான் பேசும், அந்த சாஃப்ட்வேர் டிஸ்க்கை நீ எந்த டிராயரில் வைத்தாய் என்று உனக்கே நினைவில்லை, அழித்தால் என் பிழைப்பையும் சேர்த்து அழித்த மாதிரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

போன மாதம் தீயணைப்பு நிலையத்துக்கு நூற்றிருபது பேட்ஜ். சின்னத்தில் திருத்தம் இருந்தால் சாயங்காலம் மெயிலில் அனுப்புகிறோம் என்றார்கள். நாலு மணிக்கு முக்கோணம் வந்து உட்கார்ந்துகொண்டது. மெயில் வந்தது எனக்குத் தெரியவில்லை. நெட் திரும்பும்வரை காத்திராமல், திருத்தம் இல்லை போலிருக்கிறது என்று பழைய டிசைனையே ஓட்டிவிட்டேன். நூற்றிருபதும் தப்பு. நான்கு நாள் ஊசியை வைத்துத் தையல் பிரித்தேன். விரல் நுனியெல்லாம் ரணம். அந்த ஆத்திரத்தில் மௌஸைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அப்பா எட்டிப் பார்த்து, "அந்தச் சனியனைத் தூக்கித் தெருவுல போடு. கொண்டுவந்து வச்சவனே போயிட்டான், அது மட்டும் எதுக்கு?" என்றார். உன் போன் வந்தாலே எழுந்து கொல்லைப்புறம் போகிறவரிடம் என்ன பேசுவது.

பிறகு ஒரு நோட்டில் நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தேன். தினமும் நாலு, நாலே கால். ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் முக்கோணம் வரவில்லை. அன்று அப்பா கண் டாக்டரிடம் போயிருந்தார். அப்போதுகூட இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

போன வியாழக்கிழமை, அது வந்த நேரத்திலேயே ரிப்பேர்காரருக்குப் போன் போட்டேன். என் கைப்பேசியில் ரௌட்டர் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். இப்போது எது எது நெட்டில் இருக்கிறது என்று அதில் பட்டியல் வரும், தெரியாத பெயர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்றார். இருந்தது. தெரிந்த பெயர்தான். ‘சுண்டெலி’.

உன் அறையில் நீ விட்டுவிட்டுப் போன லேப்டாப்புக்கு அந்தப் பெயரை வைத்திருந்தது எனக்குத் தெரியாது. சின்ன வயதில் அப்பா உன்னை அப்படித்தானே கூப்பிடுவார்.

உன் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. அப்பா உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், லேப்டாப்பின் ஓரங்களை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் போலப் பிடித்திருந்தார். பக்கத்தில் பூதக்கண்ணாடி. திரையில், பென்ஷன் தகவலுக்காக நீ அவருக்குத் திறந்து கொடுத்த மெயில். முழுக்க விளம்பரம். ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி வரி வரை பார்த்து மூடினார். என்னைப் பார்த்ததும் படக்கென்று எழுந்து, "கரன்ட் இருக்கான்னு பாத்தேன்" என்றார். நான், "இருக்குப்பா" என்றேன்.

மறுநாள் அவர் நடக்கப் போன நேரத்தில், ரிப்பேர்காரர் போனில் சொல்லச் சொல்ல நானே சரிசெய்தேன். ஒரு வாரம் கம்ப்யூட்டர் படுத்துக் கிடந்தபோது லேப்டாப்பை வைத்து மெஷினை ஓட்டினாயே, அப்போது கம்ப்யூட்டரின் எண்ணையே லேப்டாப்புக்கும் போட்டிருக்கிறாய். பிறகு மாற்ற மறந்துவிட்டாய். லேப்டாப்பில் அந்த எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றியதும் வேலை முடிந்தது. இரண்டு நிமிஷம்.

அதில் அப்பாவின் மெயில் மூடாமல் கிடந்தது. நான் பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன். அனுப்பாமல் வைத்த கடிதம் ஒன்று இருந்தது. உன் பெயருக்கு. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தார். ‘காய்ச்சல் விட்டதா.’ அவ்வளவுதான். தேதியைப் பார்த்தேன். நீ காய்ச்சலில் கிடக்கிறாய் என்று சாப்பிடும்போது அப்பா காதில் விழும்படி யாருக்கோ சொல்வது போல நான் சொன்ன அதே வாரம். முக்கோணம் முதலில் வந்ததும் அந்த வாரம்தான்.

அவர் உன்னைச் சொன்னது தப்பு. ‘இந்த வாசப்படியை மிதிக்காதே’ என்று பெற்றவர் சொல்லலாமா? சொல்லாமல் கிளம்பிப் போனாயே, அதுவும் தப்பு. இரண்டு வருஷமாக இரண்டு பேருக்கும் நடுவில் நின்று எனக்குக் கால் வலிக்கிறது. தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை.

இப்போது இரண்டு பெட்டியும் சண்டையில்லாமல் ஓடுகின்றன. அப்பா எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். இங்கே நாலு மணி என்றால் அங்கே உனக்கு விடிந்து வேலைக்குக் கிளம்பும் நேரம். அதை அவர் எப்படிக் கணக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த மெயிலுக்கு எழுதினால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு, தம்பி. இடது கண்ணில் அவருக்குப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. நான் சொன்னதாகச் சொல்லாதே.

உன் அக்கா