தொளதொளத்த கரண்டிப்பிடி

இன்று நம் பட்டறையின் இழுப்பறைகளை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடியில் அந்தப் பச்சைக் கரண்டிப்பிடி கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனால் உருகிய பிளாஸ்டிக் வாசனை இன்னும் லேசாக வருகிறது. நீ போய் ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. இதைத் தூக்கி எறியாமல் விட்டது நானா நீயா என்று நினைவில்லை.

யார் வேண்டுமானாலும் வந்து எதையும் செய்து பார்க்கலாம் என்று திறந்த இந்த இடத்துக்குப் பல்கலைக்கழகம் மேக்கர்ஸ்பேஸ் என்று பெயர் வைத்தது. நமக்கு அது பட்டறைதான். இருவரும் ஒரே வாரம் வேலைக்குச் சேர்ந்தோம். நீ திருநெல்வேலி, நர்ஸம்மாவின் மகள். நான் இந்த ஊரிலேயே, சரோஜினி நகர் அரசு குவார்ட்டர்ஸில் பாதி இந்தியில் வளர்ந்தவள். "ஏட்டி, உன் தமிழுக்கு சப்டைட்டில் போடணும்" என்று முதல் நாளே வம்புக்கு இழுத்தாய்.

பிறகு உன் விரல்கள் மடங்கத் தொடங்கின. நரம்பில் கோளாறு, இனிக் கூடத்தான் செய்யும் என்றார் டாக்டர். சக்கர நாற்காலிக்குக்கூட நீ அசரவில்லை. உன் பயம் ஒன்றே ஒன்று. "எங்கம்மா ஆஸ்பத்திரில எத்தனையோ பேருக்கு ஊட்டிவிட்டிருக்கா. நான் அவ முன்னாடி வாயத் தொறந்துட்டு உக்கார மாட்டேன்."

அதற்காகத்தான் இந்தப் பிடி. கையை நுழைத்துக்கொள்ள ஒரு வளையம், அதன் நுனியில் கரண்டி. உனக்குத் தெரியாமல் செய்து அசத்த நினைத்தேன். ஸ்கேனர் வந்த புதிதில் விளையாட்டாக எடுத்த உன் கையின் அளவு கணினியில் இருந்தது. அதையே வைத்து வரைந்து, நாள் முழுக்கக் காத்திருந்து, பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும் த்ரீ-டி பிரிண்டரில் எடுத்தேன்.

நீ கையை நுழைத்தாய். தொளதொளவென்று தொங்கியது. பிரிண்டர் சொதப்பிவிட்டது என்று திட்டிக்கொண்டே அளந்து பார்த்தேன். இம்மி பிசகவில்லை. அப்போதுதான் உன் கையைப் பார்த்தேன். தினமும் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு நான் எதைத்தான் பார்த்தேனோ!

"மெஷின் மேல பழியப் போடாத. கைதான் மெலிஞ்சு போச்சு. அச்சா, ஜல்தி, புதுசா அளவெடு."

பிளாஸ்டிக் சுருள் எடுக்கும் சாக்கில் ஸ்டோர் ரூமுக்குப் போய் அழுதேன். திரும்பி வந்தபோது நீ ஸ்கேனர் பக்கத்தில் கையை நீட்டி வைத்திருந்தாய்.

அதன் பிறகு திங்கள்தோறும் அளவெடுத்தோம். மூன்றாவது பிடியில் நீயே தயிர்சாதம் சாப்பிட்டாய். பாதி துப்பட்டாவில் சிந்தியது. உன்னைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்த உன் அம்மா துடைக்க வந்தபோது, "கைய எடும்மா" என்றாய். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நீ முடிக்கும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு வாரம் போக, ஒவ்வொரு வேளையும் நீயாகவேதான் சாப்பிட்டாய். எனக்கு அதில் இன்றும் கர்வம்தான்.

இப்போது இதுபோன்ற பிடியைக் கேட்டு யார் யாரோ வருகிறார்கள். போன வாரம் வந்தவர் ஒரு தையல்காரர், பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. ஸ்கேனரைக் கையில் எடுத்தவள் மேஜைமேலேயே வைத்துவிட்டேன். "பையா, பெஹலே ஹாத் தீஜியே" என்று முதலில் அவர் கையைக் கேட்டு வாங்கி, என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டேன். எங்கே எலும்பு, எங்கே வலி, எந்த விரலில் இன்னும் கொஞ்சம் தெம்பு மிச்சம் என்று மெல்லத் தெரிந்தது. இப்போதெல்லாம் வருகிற எல்லோருக்கும் இப்படித்தான்.

உன் கையை எத்தனை திங்கட்கிழமை ஸ்கேன் செய்திருப்பேன். ஒரு முறைகூட இப்படிப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லையே.