கடலைப் பார்த்த அறை, மூன்று இரவு

ஏப்ரல் 29
கடையில் பதினொரு மூக்குக்கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்தினேன். ஆறாம் தேதி மகள் வருகிறாள். விவாகரத்துக்குப் பிறகு வருஷமெல்லாம் அவள் அப்பாவிடம். கோடை விடுமுறையில் பத்து நாள் எனக்கு. போன விடுமுறையில் அவர் அவளை விமானத்தில் கூட்டிப்போனார். நீச்சல்குளம் வைத்த ஓட்டல். நான் கூட்டிப்போனது பஸ்ஸில், ஓர் அருவிக்கு. அதில் தண்ணீரே இல்லை.

மே 1
வாஷிங் மெஷினுக்கென்று சேர்த்த பணம். அதில் கை வைக்கக் கூடாது.

மே 2
வைத்துவிட்டேன். கடலைப் பார்த்த அறை, மூன்று இரவு. சாதாரண அறைக்கும் இதற்கும் ஒரு சன்னல்தான் வித்தியாசம். வாடகை இரண்டு மடங்கு. "உனக்கென்ன கிறுக்கா? கடலை வெளிய போய்ப் பாத்தா ஆகாதா?" என்றார் முதலாளியம்மா. ஆகும்தான். இந்தச் சன்னல் யாருக்கு? அவளுக்கா, அவள் போய் அப்பாவிடம் சொல்வதற்கா?

மே 8
வந்து சேர்ந்தோம். சன்னலைத் திறந்தேன். "சூப்பர்மா" என்றாள். சாப்பாட்டு மேசையில் இருபது வகை. அதற்கும் "சூப்பர்மா". திட்டத்திலேயே இல்லாத படகுச் சவாரிக்கு நாளை மறுநாளைக்கு டிக்கெட் எடுத்தேன். "சூப்பர்மா."
பக்கத்திலேயே இருக்கிறாள். ஆனாலும் வீட்டில் தனியாக இருப்பதைவிட இங்கே அதிகத் தனிமை. ஏன்?

மே 9
கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.
"அப்பா கூட்டிட்டுப் போன இடத்தைவிட இது நல்லா இருக்கா?"
தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டும் ஒண்ணுதாம்மா."
"ஒண்ணுன்னா?"
"அங்க அப்பா என் மூஞ்சியையே பாத்துட்டிருந்தார். இங்க நீ பாத்துட்டிருக்க. நான் சிரிச்சுட்டே இருக்கணும். கன்னம் வலிக்குதும்மா."
பன்னிரண்டு வயசுதான் ஆகுது அவளுக்கு.
முதல்ல கோவம்தான் வந்துச்சு— என் மெஷின் காசுடி இது! நல்லவேளை, வாய்க்குள்ளேயே நின்றது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 10
"இன்னைக்கு என்ன பண்ணலாம்?"
"ஒண்ணும் பண்ண வேணாம்."
சரி என்றேன். படகு எங்களை விட்டுவிட்டுப் போனது. மதியம்வரை போர்வைக்குள் கிடந்தாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பழைய வாரப்பத்திரிகை படித்தேன். திரும்பிப் பார்க்காமல் இருப்பது என்ன பாடு! நடுவில் எழுந்து, கண் கூசுகிறதென்று திரையை இழுத்து மூடினாள். அவ்வளவு விலை கொடுத்த கடல், போயே போச்சு.
நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

மே 16
அவர் வந்து கூட்டிப்போய்விட்டார். இரண்டு வாளித் துணி, கையால் துவைத்தேன். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

மே 30
கடை. வீடு. கடை.

ஜூன் 21
சாயங்காலம் அவளிடமிருந்து போன். நாற்பது நிமிஷம்! கணக்கு டீச்சர் ஓரவஞ்சனை செய்கிறாராம். உயிர்த்தோழி இப்போது வேறொருத்தியோடு உட்காருகிறாளாம். பல்லுக்குப் போட்ட கம்பி குத்துகிறதாம். அப்பா சமையலில் உப்பே இல்லையாம். நடுவில் என்மீதும் எரிந்து விழுந்தாள்: "ஏன்மா இவ்ளோ சத்தமா மூச்சு விடற?" அப்புறம் ஓவென்று அழுதாள்.
நான் ஆறுதல் சொல்லவில்லை. 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தேன்.
"நாளைக்கும் பண்ணுவேன். எடுக்கணும், சொல்லிட்டேன்" என்று அதட்டிவிட்டு வைத்தாள்.
அடுப்பில் வைத்த பால் தீய்ந்து, பாத்திரம் அடியோடு கருகியிருந்தது. நின்று நிதானமாகத் தேய்த்தேன்.