டிரிப்பர் விழுந்தும் எரிந்த விளக்கு

மார்ச் 3, திங்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். வெளியில் சொன்னால் கேட்க ஆளில்லை. இங்காவது எழுதி வைக்கிறேன்.

சகலை வீட்டு நீச்சல் குளத்தின் கன்ட்ரோல் பெட்டியில், மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடும் டிரிப்பர் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. மோட்டார், ஹீட்டர், தண்ணீருக்கடியில் இருக்கும் விளக்கு எல்லாம் ஒன்றாக நின்றுவிடும். போன மாதம் என்னைக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். மோட்டாரைச் சேர்த்தேன், விழவில்லை. ஹீட்டருக்கும் விழவில்லை. விளக்கைச் சேர்த்ததும் விழுந்தது. விளக்குக்குப் போகும் கம்பியில் ஈரம் ஏறி மின்சாரம் கசிகிறது. குளத்தைப் பாதி இறைத்து விளக்கையும் கம்பியையும் மாற்ற வேண்டும் என்றேன்.

சகலை சிரித்தார். "உங்களைக் கூப்பிட்டா, பல்லு வலிக்குத் தலையையே எடுக்கணும்பீங்க."

மறுநாள் மச்சான் போயிருக்கிறான். என் மனைவியின் தம்பி. அந்தப் பெட்டியை மாட்டியவன். அந்தத் தெருவில் குளம் உள்ள வீடுகளுக்கெல்லாம் மாட்டியவனும் அவன்தான். கம்பெனியை நாங்கள் இருவரும் சேர்ந்து தொடங்கினோம். பெட்டிகளின் வரைபடங்கள் என்னுடையவை. பதினோரு வருடமாகப் பலகையில் அவன் பெயர் மட்டும் இருக்கிறது. காபி ஆறுவதற்குள் சரிசெய்துவிட்டானாம். அதன் பிறகு டிரிப்பர் ஒருமுறைகூட விழவில்லையாம். நேற்று சாப்பாட்டு மேசையில் முழுக்க இதே பேச்சு. நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

சரி, அந்தக் கசிவு எங்கே போனது?

மார்ச் 5, புதன்

எங்கும் போயிருக்காது.

மார்ச் 8, சனி

சாயங்காலம் சகலை வீட்டுக்குப் போனோம். குளத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவருடைய சின்ன மகள் தண்ணீரில் இருந்தாள். எந்நேரமும் தண்ணீரில் கிடப்பதால் அவளுக்கு வாத்து என்று பெயர். என்னைப் பார்த்ததும் நீந்தி ஓரத்துக்கு வந்தாள்.

"சித்தப்பா, இந்த ஏணியைப் பிடிச்சா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு."

குளோரின் ஜாஸ்தியாகியிருக்கும் என்றாள் அவள் அம்மா, என் மனைவியின் அக்கா. நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏணியைத் தொடாமல் படிப் பக்கமாக ஏறி வரச் சொன்னேன். வந்தாள். பிறகுதான் பெட்டியைத் திறந்தேன்.

டிரிப்பருக்குக் கீழே இருக்க வேண்டிய கம்பிகளை மச்சான் எடுத்து மேலே, மின்சாரம் உள்ளே வரும் பக்கத்திலேயே முறுக்கியிருக்கிறான். டிரிப்பர் முன்வாசலில் காவல் நிற்கிறது, மின்சாரம் பின்வாசல் வழியாகப் போய்வருகிறது. சோதனைப் பொத்தானை அழுத்தினேன். டப்பென்று விழுந்தது. தண்ணீருக்குள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

மெயினை அணைத்தேன். அணைத்ததும் மனதில் முதலில் வந்தது என்ன? அகப்பட்டான் என்ற சந்தோஷம். எழுதுவது எனக்கு மட்டும்தானே, எழுதலாம்.

மார்ச் 9, ஞாயிறு

மச்சானை வரவழைத்தார்கள். வந்தவன் பெட்டிப் பக்கமே போகவில்லை. சோபாவில் சாய்ந்துகொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "அத்தானுக்குக் கோபம் டிரிப்பர் மேல இல்ல, என் மேல."

சிரித்தார்கள். என் மனைவியும். பிறகு எழுந்து போய் மெயினைப் போட்டான்.

எனக்கு வாய் குழறியது. வாசலில் நின்று மனைவியின் அக்காவிடம் மட்டும் சொன்னேன்: "என்னை நம்ப வேணாம். பொத்தானை அழுத்திட்டு விளக்கைப் பாருங்க. அதுவரைக்கும் பொண்ணைத் தண்ணியில விடாதீங்க."

காரில் மனைவி, "எதை எடுத்தாலும் அவனைப் பிடிச்சே தொங்குறீங்க" என்றாள். பதினோரு வருடமாகத் தொங்குகிறேன்தான்.

மார்ச் 10, திங்கள்

சகலைக்கு எதிர் வீடு ஒரு பல் டாக்டருடையது. அதே பெட்டி; டிரிப்பர் விழுகிறது என்று கூப்பிட்டிருந்தால் அங்கும் மச்சான் இதையேதான் செய்திருப்பான். இரட்டைப் பையன்கள் வேறு. போய் மணியடித்தேன். டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார். கேட்டை மட்டும் திறக்கவில்லை.

"உங்க மச்சான் சொன்னாரு சார், நீங்க வருவீங்கன்னு."

மார்ச் 11, செவ்வாய்

மனைவியின் அக்கா போன் செய்தாள். பொத்தானை அழுத்திப் பார்த்தாளாம். விளக்கு அணையவில்லையாம். மெயினை அணைத்து, சுத்தம் செய்கிறோம் என்று சொல்லிக் குளத்தை மூடிவிட்டாள். தம்பி பிழைப்பு கெட்டுவிடக் கூடாது, இது நமக்குள் இருக்கட்டும் என்றாள்.

நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்வாள் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவள் வைத்துவிட்டாள்.

வாத்து பிழைத்தாள். அந்த இரட்டையர்கள்?

மார்ச் 13, வியாழன்

அந்தத் தெருவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கம்பெனி தொடங்கிய கதையிலிருந்து. மனைவி வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தாள்.

"நாலாம் பக்கத்துலதான் குளமே வருது."

கடிதத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

"அடியில உங்க பேரைப் பார்த்தா, மேல என்ன எழுதியிருக்குன்னே பார்க்க மாட்டாங்க. கிழிச்சுப் போட்டுருவாங்க."

எரிச்சலாக வந்தது. சரியாகத்தான் சொல்கிறாள் என்பதால் இன்னும் எரிச்சல்.

மார்ச் 14, வெள்ளி

நாலு பக்கமும் குப்பைக்குப் போயிற்று. மிஞ்சியது இவ்வளவுதான்:

'உங்கள் நீச்சல் குளத்துப் பெட்டியில் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். டிரிப்பர் விழுந்த பிறகும் தண்ணீருக்குள் விளக்கு எரிந்தால், மெயினை அணையுங்கள். யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். பெட்டியை மாட்டியவரை விட்டுவிட்டு வேறு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.'

கடைசி வரியை அடிக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். அவன் அவளுடைய தம்பி. இரண்டு முறை படித்துவிட்டு, "அது இருக்கட்டும்" என்றாள்.

யார் எழுதியது என்று தெருவே பேசும். பல் டாக்டர்தான் கண்டுபிடித்தார் என்பார்கள். யார் கண்டது, மச்சானே தான் எழுதியதாகச் சொல்லிக்கொள்ளலாம், அவனால் முடியும். எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

கேட்டுவிட்டுப் போகிறேன். உறைகளில் முகவரி எழுதியாயிற்று. அடியில் பெயர் போட விட்டிருந்த இடத்தைக் கத்தரித்துவிட்டேன். காலையில் தபாலில் போடுகிறேன்.