நாலாவது மாடிக்கு ஏறின மளிகை

அன்பு மகளுக்கு அப்பா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னுதான் தினம் காலையில கண்ணு முழிச்சதும் நினைச்சுக்கறேன். இங்க நாங்களும் சௌக்கியம்னு அடுத்த வரி எழுதணும், எப்பவும் அப்படித்தானே எழுதுவேன், இந்தத் தடவை அந்த வரிக்குக் கை வரலைம்மா. பயந்துடாதே, எல்லாரும் உயிரோடதான் இருக்கோம். போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேப்பே. இருக்கறது ரெண்டு ரூம், எந்த மூலையில நின்னு பேசினாலும் உன் அத்தை காதுல விழும், அவங்களுக்கு மத்ததெல்லாம் தளர்ந்தாலும் காது மட்டும் பாம்புக் காது. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கி வச்சிருக்காங்க. வாயைத் திறக்க மாட்டேன்னுதான் நான் சத்தியம் பண்ணினேன், எழுத மாட்டேன்னு பண்ணலை. காய்கறிக் கடைக்கு எதிர்ல பஸ் ஸ்டாப் பெஞ்சுல உக்காந்து மடியில பையை வச்சு அதுமேல பேப்பரை வச்சு எழுதறேன், எழுத்து கோணல்மாணலா இருந்தா பொறுத்துக்கோ.

போன மாசம் நீ போன் பண்ணி, மாப்பிள்ளைக்கு வேலை நேரத்தைப் பாதியாக் குறைச்சுட்டாங்க, கையைக் கடிக்குது, எத்தனை நாளைக்கு ஒரு தடவை மளிகைக்குப் போனா காசு மிச்சமாகும்னு அத்தைகிட்ட கேட்டியே, அவங்களும் அரைமணி நேரம் உனக்குப் பாடம் எடுத்தாங்களே. மாசத்துக்கு ஒரே தடவைதான் போகணும், கடைவாசலை மிதிக்கற ஒவ்வொரு தடவையும் பர்ஸுக்குப் பசி எடுக்கும், சோப்பு வாங்கப் போனவ சோப்போட வந்ததா சரித்திரமே இல்லைன்னு என்னென்னவோ சொன்னாங்க, நீகூடச் சிரிச்சே. நடுவுல ஏதோ டிங் டிங்னு சத்தம் கேக்குதே அத்தைன்னு கேட்டதுக்கு டிவின்னாங்க. அது டிவி இல்லைம்மா, பக்கத்துக் கட்டில் பேஷன்ட்டுக்கு மாட்டியிருந்த மெஷின். அத்தை அப்ப ஆஸ்பத்திரியில இடுப்பெலும்பு உடைஞ்சு கால்ல எடை கட்டிப் படுத்திருந்தாங்க. மறுநாள் ஆபரேஷன். உன்கிட்ட பேசி முடிச்சு போனை என் கையில குடுத்துட்டு, புள்ளை அவ்வளவு தூரத்துல தனியா அல்லாடுது, இதுல நம்ம ஒப்பாரி வேறயான்னு சொல்லிட்டு முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க.

எப்படி ஆச்சுன்னு முதல்லேர்ந்தே சொல்றேன். அத்தை எப்பேர்ப்பட்டவங்கன்னு உனக்குத் தெரியும், லேடீஸ் ஹாஸ்டல் ஸ்டோர் ரூம் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு இருநூறு பொண்ணுங்களுக்குச் சாமான் வாங்கிப் போட்ட கை. நீ இங்க இருந்த வரைக்கும் நாம வாரத்துக்கு ரெண்டு தடவை கடைக்குப் போவோம். அப்புறம் வாடகை ஏறுச்சு, என் மாத்திரையும் ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. ஆனை அசைஞ்சு தின்னும், வீடு அசையாம தின்னும்னு சொல்லிட்டு அத்தை ஹாஸ்டல் சட்டத்தை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டாங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற மொத்தக் கடை, மாசம் பொறந்தா ஒரே ஒரு தடவை, ஒரு வேன், அவ்வளவுதான். சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு நான் கிண்டல் பண்ணினேன். ஆனா பொய் சொல்லக் கூடாது, மெய்யாவே மிச்சமாச்சு. கண்டதை வாங்கறது நின்னுச்சு, அழுகி எறியறது நின்னுச்சு. மாசக் கடைசியில டப்பாவெல்லாம் காலியாகி அடுத்தது வந்து இறங்கும்போது அத்தை முகத்துல ஒரு களை வரும் பாரு, ரிட்டயர் ஆனதுக்கப்புறம் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அதுக்கு நடுவுலதான் நம்ம கட்டடத்து லிஃப்ட் நின்னுச்சு. நின்னுச்சுன்னு என்ன, நான்தான் நிறுத்தினேன். லிஃப்டைத் தாங்கற இரும்புக் கயித்துல இழை இழையா விட்டுப் போயிருந்துச்சு. ஆயுசு பூரா லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன், அறுந்துக்கிட்டிருக்கற கயித்துல ஆளை ஏத்த எனக்கு மனசு வருமா. மெயினை இறக்கிப் பூட்டைப் போட்டு, கட்டடத்துக்கு செகரட்டரியா இருக்கற கீழ்வீட்டு ரிட்டயர்டு கிளார்க்கிட்ட சாவியைக் குடுத்தேன். புதுக் கயிறு மாத்த எல்லா வீடும் பங்கு போடணும். கீழ்த்தளமும் முதல் மாடியும், நாங்க ஏறாத லிஃப்ட்டுக்கு நாங்க எதுக்கு அழணும்னு கையை விரிச்சுட்டாங்க. சாமானை இனிமே வாரா வாரம் கொஞ்சமா வாங்கிக்கலாம்னு அத்தைகிட்ட சொல்லிப் பார்த்தேன். வாரா வாரம்னா மாசத்துக்கு நாலு தடவை ஏறணும், மொத்தமா வாங்கினா ஒரு நாள் செத்தா போதும்னாங்க. ரெண்டு பேருமா பாதி பாதியா தூக்கிக்கிட்டு, மாடிக்கு மாடி நின்னு மூச்சு வாங்கி, ரெண்டு மாசம் ஏத்தினோம்.

மூணாவது மாசம் நான் கண் டாக்டர்கிட்ட போயிருந்தேன். கண்ணுல மருந்தை ஊத்தி, பார்வை தெளியற வரைக்கும் உக்காருன்னுட்டாங்க. அன்னிக்கு எண்ணெய்க்குத் தள்ளுபடி கடைசி நாளாம், அத்தை எனக்காகக் காத்திருக்கலை. வேன்காரர் சாமானைப் படிக்கட்டு அடியில இறக்கிட்டுப் போயிட்டார். அரிசி மூட்டை நான் வரட்டும்னு கிடந்துச்சு, மத்ததைக் கொஞ்சம் கொஞ்சமா தூக்கியிருக்காங்க. மாவு மூட்டை மூணாவது மாடி வரைக்கும் வந்துடுச்சு. அதை அங்க சாத்தி வச்சுட்டு எண்ணெய் கேனைத் தூக்கிக்கிட்டு ஏறினவங்க, நாலாவது மாடிக்கு நாலு படி இருக்கும்போது கால் மடங்கி விழுந்துட்டாங்க. கேன் உடைஞ்சு எண்ணெய் பூரா படியில வழிஞ்சிருக்கு. சத்தம் கேட்டு ரெண்டாவது மாடி தையல்காரர் ஓடி வந்தா, அவர் வழுக்கிக் கைப்பிடியைப் பிடிச்சுத் தொங்கறார். அத்தை மேல கிடக்கறாங்க, கிட்டப் போக யாராலயும் முடியலை. கடைசியில தையல்காரருக்கு ஒரு யோசனை வந்துச்சு, அந்த மாவு மூட்டையையே கிழிச்சுப் படி படியாக் கொட்டி, அதுமேல மிதிச்சு மிதிச்சுப் போயிருக்கார். அத்தை அந்த வலியிலயும், டேய் பாவி, ஒரு மாசத்து மாவுடா, கொட்டாதேடான்னு கத்தினாங்களாம். தையல்காரர் இதைச் சொல்லும்போது சிரிக்கத்தான் ஆரம்பிச்சார், பாதியில முடியலை, துண்டை எடுத்து மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டார். தகவல் கேட்டு நான் மங்கின கண்ணோட தட்டுத் தடுமாறி வந்து சேரும்போது அத்தையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. படி பூரா வெள்ளை வெள்ளையா கால்தடம்.

எலும்புல பிளேட் வச்சிருக்காங்க. சேர்த்து வச்சது, இருந்தது, எல்லாம் போச்சு, அதைப் பத்தி நீ கேக்காதே, நானும் எழுத மாட்டேன். வாக்கரைப் பிடிச்சு வீட்டுக்குள்ள நாலு எட்டு வைக்கலாம், படி இறங்கறதை மறந்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். நாலு பேர் நாற்காலியில உக்கார வச்சு மேலே தூக்கிக்கிட்டு வந்தாங்க. அன்னிக்கு ஏறினவங்கதான், அத்தை இன்னும் கீழே இறங்கலை. வாக்கர் மூலையில நிக்குது, அதுல என் துண்டுதான் காயுது. நடங்கன்னா, நடந்து எங்க போகணும்னு கேக்கறாங்க. லிஃப்ட்டுக்காகக் கட்டடத்து மீட்டிங்ல நான் எழுந்து பேசினேன், எனக்குக் கூட்டத்துல பேசி வழக்கமில்லை. வேலைக்கூலி ஒரு பைசா வேணாம், நானே மாத்தித் தரேன், கயிறு மட்டும் வாங்கிக் குடுங்கன்னு சொன்னேன். அந்த கிளார்க் நல்ல மனுஷன்தான், ஆஸ்பத்திரிக்குப் பழமெல்லாம் வாங்கிட்டு வந்தவர்தான், அவர் சொல்றார், உங்க அக்கா இனிமே வெளியில போகப் போறதில்லையே சார், அவங்களுக்கு எதுக்கு லிஃப்ட்டுன்னு. வேணும்னே புண்படுத்தச் சொன்ன மாதிரியும் தெரியலை. அப்படியே எழுந்து வந்துட்டேன். அத்தை என்ன ஆச்சுன்னு கேட்டாங்க, அடுத்த மாசம் பாக்கலாம்னாங்கன்னு சொன்னேன்.

இப்ப கடைக்குப் போறது நான். தினமும் போறேன். என் முதுகுக்கு ஒரு சின்னப் பைக்கு மேல ஏறாது. தினமும் போனா செலவு கூடத்தான் செய்யுது, அத்தை சொன்னதுல தப்பே இல்லை. ஆனா நான் படியேறி வந்ததும் பையைக் கட்டில்மேல கொட்டச் சொல்லுவாங்க. ஒவ்வொண்ணா எடுத்து விலை கேப்பாங்க. நான் குறைச்சுச் சொல்லுவேன், உடனே கண்டுபிடிச்சுடுவாங்க, அந்தக் கடைக்காரன் என்ன உன் மச்சானா, இந்த விலைக்குக் குடுக்கன்னு கேப்பாங்க. கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை இருக்கறதா பொறுக்கிட்டு வந்திருக்கே, உன்னைக் கடைக்கு அனுப்பறதும் ஒண்ணு, காசைக் கிணத்துல போடறதும் ஒண்ணுன்னு திட்டுவாங்க. கடையில யாரைப் பார்த்தே, என்ன வந்து இறங்கியிருக்குன்னு கேப்பாங்க. நாள் முழுக்க அவங்க பேசறது அவ்வளவுதாம்மா. மத்த நேரமெல்லாம் சுவத்தைப் பார்த்துக்கிட்டுக் கிடப்பாங்க. அதனால ஒண்ணும் வாங்க வேண்டியதில்லாத அன்னிக்கும் நான் இறங்கி ஒரு எலுமிச்சம்பழமாவது வாங்கிட்டு வந்துடுவேன், திட்டு வாங்கிக்கத்தான்.

நேத்து வெங்காயம் வாங்கிட்டு வந்து கட்டில்மேல கொட்டினேன். பாதி முளைவிட்டது. நான் வேணும்னேதான் அப்படிப் பொறுக்கினேன். அத்தை ஒண்ணைக் கையில எடுத்துப் பார்த்தாங்க, திரும்ப வச்சுட்டாங்க. விலை கேக்கலை. நானே, எவ்வளவுன்னு கேக்கலையேன்னு சொன்னேன். எவ்வளவா இருந்தா என்னன்னுட்டுக் கண்ணை மூடிக்கிட்டாங்க. உங்கம்மா போன அன்னிக்குக்கூட நான் இப்படிக் கலங்கலை, அன்னிக்கு உன்னை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு அத்தை பக்கத்துல நின்னாங்க. ராத்திரி பூரா புரண்டு புரண்டு யோசிச்சேன். அதான் காலையில பேப்பரும் பேனாவுமா இறங்கிட்டேன்.

நீ கிளம்பி வரேன்னு நிக்கக் கூடாது. வான்னு சொல்ல எனக்கு ஆசை இல்லையா என்ன, ஆனா மாப்பிள்ளைக்கு வேலை இப்படி இருக்கும்போது நீ கடனை வாங்கி டிக்கெட் எடுத்தது தெரிஞ்சா அத்தை என்னை மன்னிக்க மாட்டாங்க. நீ கேட்டதுக்கு என் புத்திக்கு எட்டினதைச் சொல்றேன், வாரத்துக்கு ஒரு தடவை போ, சாப்பிட்டுட்டுப் போ, குட்டியைத் தூக்கத்துல இழுத்துக்கிட்டுப் போகாதே, கையில தூக்க முடியாததை மலிவா கிடைக்குதேன்னு வாங்காதே. மாப்பிள்ளை காதுபட விலைவாசி பேசாதே, வேலை குறைஞ்ச ஆம்பிளைக்கு ஒவ்வொரு ரூபாயும் குத்திக் காட்டற மாதிரிதான் இருக்கும்.

இதெல்லாம் நீ நிஜமா செய்ய வேண்டியது. அத்தைகிட்ட சொல்ல வேண்டியது வேற. இந்தக் கடுதாசி கைக்கு வந்ததும் அத்தைக்குப் போன் பண்ணு, என்கிட்ட இல்லை, அவங்க நம்பருக்கே பண்ணு. பண்ணி, நீங்க சொன்ன மாதிரி மாசம் ஒரு தடவை எல்லாம் எனக்கு ஒத்துவராது அத்தை, நான் தினமும்தான் கடைக்குப் போறேன், நறுக்கி பாக்கெட்ல வச்சிருக்கற காயாத்தான் வாங்கறேன், விலையெல்லாம் யாரு பாக்கறதுன்னு சொல்லு. மறுநாளும் பண்ணு, அதைவிட மோசமா ஏதாவது சொல்லு, உனக்கா சொல்லித் தரணும். அவங்க கத்த ஆரம்பிச்சா குறுக்கே பேசாதே, போனை வச்சுடாதே, முழுசாத் திட்டு வாங்கிக்கோ. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருப்பேன்.

பதில் கடுதாசி போட்டுடாதே, தையல்காரர் நல்ல எண்ணத்துல அதை மேலே கொண்டு வந்து நேரா அத்தை கையிலயே குடுத்துடுவார். குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்குச் சீக்கிரம் முழு வேலை கிடைக்கட்டும், உங்க வீட்டு அடுப்பு ஒரு நாளும் அணையாம இருக்கட்டும், நீங்க மூணு பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அப்பா