பாண் ஓட்டோவின் மெட்டு

ஞாயிறு, இரவு.

ஜெர்மனியில் அக்காவின் மகள் மேடையில் பியானோ வாசித்ததை இன்று மாலை வீடியோ அழைப்பில் பார்த்தோம். முதல் வரியிலேயே, கதிரையில் நித்திரையாயிருந்த என் கணவர் திடுக்கிட்டு எழும்பி, "பாண் வந்திட்டுது" என்று பையுடன் படலைக்கு ஓடினார்.

"பிள்ளையை நக்கலடிக்கிறீங்களோ?" என்று கேட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.

அது அந்த நாட்டு மேதை ஒருவர் எழுதிய மெட்டாம். இலங்கையில், எங்கள் எத்தாளையில் அது பேக்கரிப் பாணை வீதி வீதியாக விற்கும் பாண் ஓட்டோ போட்டுக்கொண்டு வரும் சத்தம். பியானோவைக் கண்ணால் காணாதவர்களுக்கும் அது மனப்பாடம். எங்களுடையது என்ன அருமையான நாடு! இதை அக்காவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

இப்போதுதான் பிள்ளையின் குரல் செய்தி வந்தது.

"சித்தி, அவ்வளவு சரியாவோ வாசிச்சனான்? சித்தப்பாவுக்குப் பாண் கிடைச்சுதோ?"